வாழ்வுக்கு உதவும் வலிமை

விழா மலரொன்றிலே தமிழாசிரியர் ஒருவர் உடல்வலிமையைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். இலக்கணம் கற்பிப்போர்க்கு விளையாட்டிடத்தில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். ஆயினும் நம் கல்லூரியை நிறுவிய பெரியோர் வகுப்பறைக்கு அருகே ஆலயத்தையும், ஆலயத்துக்கு அப்பால் விளையாட்டிடத்தையும் வைத்தனர். அறிவும் பத்தியும் உறைகின்ற உடம்பைப் பேணாதவிடத்து அவையிரண்டும் நிலைபெறா என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். திருமூல நாயனாரும் திருமந்திரத்திலே உடம்பைப் பேணுதலின் இன்றியமையாமையை எடுத்துரைத்திருக்கின்றார். ஆதலின் யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமை எம் தொழிலுக்கும் இம்மலருக்கும் புறம்பாகாது என்று நம்புகின்றோம்.

ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் சொல்லிலிருந்தே தொடங்குகின்றோம். வலி என்னும் சொல் பழந்தமிழில் ஆற்றலைக் குறித்தது. திருக்குறளின் 48ஆம் அதிகாரத்துக்கு வலியறிதல் என்பதே பெயர். தமிழகத்தார் இக்காலத்திலே அச்சொல்லைப் பெரும்பாலும் நோவைக் குறிக்க வழங்குகின்றனர். ஈழத்தவராகிய நாமோ முதுகு நோகின்றது, முழங்கால் நோகின்றது என்று கூறுவதே வழக்கம். நோவும் வலியும் நம் வழக்கிலே இரு வேறு சொற்கள். ஆனால் நாற்பது வயதைக் கடந்த நம்மவர் பலருடைய உடம்பிலே நோ மிகுந்து வலி குறைந்து வருகின்றது. பழைய மாணவர் ஒன்றுகூடும் இடங்களிலே பதவி, பிள்ளைகள், வெளிநாடு ஆகியவற்றைப் பற்றிய பேச்சு முடிந்ததும் முதுகும் முழங்காலும் பேச்சில் வந்துவிடுகின்றன. இதற்குக் காரணம் யாது, பரிகாரம் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலிமை இருவகைப்படும்: காட்டும் வலிமை, உதவும் வலிமை. முன்னையதற்குப் பெயர்பெற்றவர் யூஜின் சாண்டோ. 1867இல் பிறந்து 1925இல் மறைந்த அவர் மேடைகளிலே தம் உடற்கட்டைக் காட்டி உலகப் புகழ் ஈட்டினார். அவர் பெயர் தமிழிலே பலசாலிகளுக்குரிய பட்டமாகவே மாறிவிட்டது. அவரை யாம் இகழவில்லை. பல்லாயிரம் இளைஞரைத் தேகாப்பியாசத்தின் பால் ஈர்த்தவர் அவர். எனினும் மேடையிலே புயங்கள் திரண்டு தோன்றுவது வேறு. அரிசி மூடையைச் சைக்கிளில் ஏற்றுவதும், நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்புவதும், வழுக்கும் தரையில் விழாமல் நிற்பதும் வேறு.

பின்னைய வலிமைக்கு ஐஸ்லாந்து நாட்டில் ஓர் அரிய சான்று உண்டு. அந்நாட்டின் மேற்கே ஸ்னைபெல்ஸ்நெஸ் என்னும் குடாநாட்டின் கடற்கரையிலே நான்கு கற்கள் கிடக்கின்றன. அவற்றின் எடை முறையே 154, 100, 54, 23 கிலோகிராம். முழுவலியன், அரைவலியன், அரைப்பங்குகாரன், சோனி என்னும் பொருள்படும் பெயர்கள் அவற்றுக்கு வழங்குகின்றன. மீன்பிடி படகிலே சேர விரும்பியவன் இடுப்பளவு உயரமுள்ள பாறைமீது அக்கற்களைத் தூக்கிவைத்துக் காட்ட வேண்டும். மூன்றாவது கல்லைத் தூக்க இயலாதவனுக்குப் படகில் இடமில்லை. கொந்தளிக்கும் கடலிலே துடுப்பு வலிக்கவும் வலையை இழுக்கவும் இயலாதவன் தனக்கும் தோழருக்கும் ஆபத்தாவான் என்பதே அதன் காரணம். கல்லைத் தூக்கியவன் பெற்ற பரிசு கிண்ணமும் மாலையும் அல்ல. உழைத்து உண்பதற்கு ஓர் இடம். வலிமை வாழ்க்கையோடு எத்துணை நெருங்கியது என்பதை இந்நான்கு கற்களும் இன்றும் உணர்த்துகின்றன.

நம் முன்னோர்க்கு இத்தகைய சோதனைக்கல் வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய நாளே அவர்களுக்குச் சோதனையாயிற்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளிலே துலா மிதித்தலை நம்முள் மூத்தோர் பலர் கண்ணாரக் கண்டிருப்பர். ஆடுகாலிலே பொருத்திய நீண்ட துலாவின்மீது ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிலே கவிழ்ப்பார். மிதிப்பவர்க்கு அஃது ஏணியில் ஏறி இறங்குவதற்கு ஒப்பு. அதனோடு ஒடுங்கிய மரத்தின்மீது உயரத்திலே தவறாமல் அடிவைக்கும் சமநிலையும் வேண்டும். வீட்டினுள்ளே இரு பெண்கள் ஓர் உரலில் மாறி மாறி உலக்கை போடுவர். அம்மியும் ஆட்டுக்கல்லும் திரிகையும் தோளையும் கையையும் ஓயவிடா. நீர்க்குடத்தை ஒரு பக்க இடுப்பிலே தாங்கி நடக்கும்போது மறுபக்கத்துத் தசைகள் முதுகெலும்பை நிமிர்த்திப் பிடிக்கும். உண்பதும் படிப்பதும் நிலத்திலிருந்தே நிகழ்ந்தமையால், குந்துதலும் சப்பாணி கட்டி இருத்தலும் எழுதலும் நாளொன்றுக்குப் பன்முறை நடந்தன.

அக்காலத்தைப் பொற்காலமெனப் புகழ யாம் முற்படவில்லை. பனையிலிருந்து தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தாரும், இளமையிலேயே உழைப்பினால் தேய்ந்து கூனினாரும் ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர். உழைப்பு ஆளைப் பார்ப்பதில்லை. காய்ச்சலாயினும் தோட்டத்துக்கு நீர் இறைத்தே ஆகவேண்டும். கருவுற்றவளாயினும் மா இடித்தே ஆகவேண்டும். எனவே கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் நீரிறைக்கும் இயந்திரமும், பின்னர் அரைக்கும் இயந்திரமும், மோட்டார்ச் சைக்கிளும் வந்தபோது மக்கள் அவற்றை மனமுவந்து ஏற்றமை இயல்பே. ஆயினும் அவை உழைப்பை வாங்கிக்கொண்டபோது, உழைப்போடு கூடவே கிடைத்த வலிமையையும் வாங்கிச் சென்றன. அதனை நாம் கவனிக்கவில்லை. கூலியோடு சேர்ந்து கைக்கு வந்ததை இனி நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

வலிமையின் பயனை எம் தலைமுறையினர் வேறொரு வகையிலும் அறிவர். 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருள் அரிதாயிற்று. விறகும் வெங்காயமும் நோயாளரும் சைக்கிளிலேயே சென்றனர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு நீங்கியபோது எமக்குப் பதினைந்து வயது. மழையிலே, செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி மக்கள் அடிமேல் அடிவைத்து நகர்ந்தனர். எம் மாமா தோட்டக்காரர். அவர் சைக்கிளின் பின்னிருக்கையிலே தலையணை கட்டி எம் அம்மம்மாவை இருத்தி, முன்னே அரிசிப் பையைத் தொங்கவிட்டு, இரவு முழுவதும் ஒரு கையால் சைக்கிளையும் மறுகையால் முதியவரையும் பிடித்தபடி தள்ளிச் சென்றார். யாம் பின்னே வந்து பிடித்தோம். அம்மம்மா சரிந்தபோதெல்லாம் அவர் நின்று, குனிந்து, தாங்கி நிமிர்த்தினார். அன்றிரவு அவருடைய வலிமைக்கு எவரும் கைதட்டவில்லை. ஆயினும் எம் வாழ்நாளில் யாம் கண்ட மிகப் பெரிய தேகவலிமை அதுவே. அத்தகைய இரவு இனி எவர்க்கும் வரலாகாது. ஆனால் தாங்க வேண்டியவர் நம் எல்லார் வீட்டிலும் இருக்கின்றனர். நாமும் ஒருநாள் நம்மையே தாங்க வேண்டியவராவோம்.

முதுமையிலே தசை குறைவதும் வலிமை தேய்வதும் இயற்கையே. ஏறத்தாழ முப்பது வயதுக்குப் பின் தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகின்றது. அறுபதுக்குப் பின் அத்தேய்வு விரைவடைகின்றது. இதற்கு 1989இல் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பேர்க் சார்க்கோபீனியா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியிலே அது தசையின் வறுமை எனப் பொருள்படும். வறுமையென்றால் போக்கக்கூடிய வறுமைதானா என்ற வினாவுக்கு அடுத்த ஆண்டே விடை கிடைத்தது. பொஸ்ரன் நகரத்து முதியோர் இல்லமொன்றிலே தொண்ணூறு வயதளவினரான பத்துப் பேர் எட்டு வாரங்கள் கால்களுக்கு எடைப்பயிற்சி செய்ய முன்வந்தனர். ஒன்பது பேர் அதை நிறைவேற்றினர். அவர்களுடைய கால்வலிமை சராசரியாக 174 வீதம் அதிகரித்தது. மருத்துவர் மரியா பியாற்றரோனும் அவருடன் பணியாற்றியோரும் 1990இல் வெளியிட்ட இவ்வாய்வு மருத்துவ உலகின் எண்ணத்தையே மாற்றியது. தொண்ணூறிலும் தசை கற்றுக்கொள்ளும் என்றால், நாற்பதிலும் ஐம்பதிலும் இனி என்ன பயன் என்று கைவிடுதற்கு நமக்கு நியாயம் ஏது?

இதனை யாம் ஏட்டில் மட்டும் படித்தறிந்திலேம். எம் அன்னையார் எழுபத்தோராவது வயதில் முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். சத்திரசிகிச்சை நன்கு முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தபின் கதிரையை விட்டு எழுவதற்கே அஞ்சினார். அவருக்குப் பயிற்சி அளிக்க வந்த இயன்மருத்துவர் இளம்பெண். முதல்நாளில் அவர் எவ்விதப் பயிற்சியும் சொல்லாமல், "அம்மா, நீங்கள் திரும்பச் செய்ய ஆசைப்படுறது என்ன?" என்று கேட்டார். அன்னையார் சற்று எண்ணிவிட்டு, "பிள்ளை, அம்மன் வாசலிலை விழுந்து கும்பிட்டுப்போட்டு ஒருத்தரும் தூக்காமல் எழும்ப வேணும்" என்றார். அப்பெண் உடனே, "அப்ப அதுக்குத்தான் படிக்கப்போறம்" என்றார்.

அதன்பின் நடந்தவை யாவும் அவ்வொரு வேண்டுதலை நோக்கியே அமைந்தன. கதிரையிலே இரு தலையணைகளை அடுக்கி, கையூன்றி எழுந்து அமர்தல் முதற்படி. ஒரு தடவைக்கு ஐந்து முறை. பின்னர் கையூன்றாமல் எழுதல். பின்னர் ஒரு தலையணை, பின்னர் வெறுங்கதிரை, பின்னர் நெஞ்சோடு அணைத்த தண்ணீர்ப் போத்தல். வாசற்படியில் ஏறி இறங்குதல் அடுத்து வந்தது. இறுதியாகப் பாயிலே முழங்காலிட்டு, ஒரு காலை முன்வைத்து, கதிரையின் விளிம்பைப் பற்றி எழுதல். யாம் பாடசாலை விட்டு வந்து அருகே நின்று எண்ணுவோம். ஏழாம் மாதத்திலே ஒரு வெள்ளிக்கிழமை அவர் அம்மன் சந்நிதியில் பஞ்சாங்க நமஸ்காரம் செய்து தாமே எழுந்தார். வீதி சுற்றும்போது மணலிலே இன்றும் கைத்தடி வேண்டும். ஆயினும் அவ்வெழுச்சி அவருடையது. அதை அவருக்கு எவரும் கைகொடுத்து அளிக்கவில்லை.

உதவும் வலிமைக்குரிய பயிற்சியின் இலக்கணம் முழுவதும் இந்நிகழ்ச்சியுள் அடங்கியிருக்கின்றது. அதன் முதல் விதி, எதற்காக வலிமை வேண்டும் என்று துணிதல். இரண்டாவது விதி, வேண்டிய அசைவையே பயில்தல். உடம்பு எதைப் பயில்கின்றதோ அதிலேயே பெரிதும் தேர்ச்சி பெறும். கதிரையில் அமர்ந்தவாறு கையை மட்டும் மடக்கி நீட்டுபவனுடைய புயம் பருக்கலாம். அதனால் படியேறும் ஆற்றல் வந்துவிடாது. நாள்வாழ்க்கையிலே எந்தத் தசையும் தனித்து வேலை செய்வதில்லை. ஒரு வாளி நீரைத் தூக்கும்போது பாதம், முழங்கால், இடுப்பு, வயிறு, முதுகு, தோள், கைப்பிடி என்பன ஒரு வாக்கியத்தின் சொற்கள் போல ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. ஒரு சொல் பிழைத்தால் பொருள் கெடுவது போல, ஓரிடம் தளர்ந்தால் சுமை வேறோரிடத்தைத் தாக்குகின்றது. முதுகு நோவுகள் பல இவ்வாறு தொடங்குவன.

மூன்றாவது விதி, அளவறிந்து படிப்படியாக ஏற்றுதல். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க மல்லன் மைலோ ஒரு கன்றை நாள்தோறும் தோளிலே சுமந்தான் என்றும், கன்று காளையானபோது காளையையே சுமந்தான் என்றும் ஒரு கதை உண்டு. கதையாயினும் அதன் கருத்து மெய். இரண்டாவது உலகப் போரில் முழங்கால் ஊறுபட்ட வீரரின் மெலிந்த தொடைகளுக்குப் படிப்படியாக எடையேற்றிப் பயிற்சியளித்த அமெரிக்க இராணுவ மருத்துவர் தோமஸ் டிலோம், அம்முறையை 1945இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் எடைப்பயிற்சி முறைகளுக்கு அதுவே ஓர் அடிப்படை. ஏற்றுவதற்கும் எல்லை உண்டு. மெல்லிய மயிற்பீலியும் அளவிறந்து ஏற்றப்பட்டால் வண்டியின் அச்சை ஒடிக்கும் என்னும் உவமை வலியறிதல் அதிகாரத்திலேயே வருகின்றது. அரசர்க்குக் கூறிய அவ்வறிவுரை முழங்காலுக்கும் பொருந்தும். உழைப்பு வேலையின் அளவைப் பார்க்கின்றது. பயிற்சி ஆளின் அளவைப் பார்க்கின்றது. இவ்வேறுபாட்டை மறந்து செய்யும் பயிற்சி மீண்டும் வெறும் உழைப்பாகிவிடும்.

விளையாட்டுக்கும் இவ்விதிகளே பொருந்தும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக் விழாக்களில் பங்குபற்றி, 1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இந்நாட்டுக்கு அவ்விழாவின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். உயரம் பாய்பவன் தன் முழு உடம்பையும் ஒற்றைக் காலால் நிலத்திலிருந்து எறிகின்றான். கரப்பந்தாட்டக்காரன் வலைக்கு மேல் எழுந்து, எழுந்த அளவுக்கு இறங்குகின்றான். எழுவதைப் பயிற்றுவிக்கும் நாம் இறங்குவதைப் பயிற்றுவிப்பதில்லை. ஓடுதல், பாய்தல், திடீரெனத் திரும்புதல், நிற்றல் ஆகியவற்றிலே முழங்கால் உள்நோக்கி மடியாது காக்கும் வலிமை தனியே பயிலப்பட வேண்டும்.

சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா இதற்கென 11 பிளஸ் என்னும் பயிற்சித் தொகுப்பொன்றை வகுத்துள்ளது. ஆட்டத்துக்கு முன் ஏறத்தாழ இருபது நிமிடம் செய்யத்தக்க பதினைந்து பயிற்சிகள் அதில் உள்ளன. கருவி எதுவும் வேண்டா. பந்தும் திடலும் போதும். பின்தொடைத் தசைக்குரிய பயிற்சியொன்று அதில் முக்கியமானது. ஒருவன் முழங்காலிட்டு நிற்க, தோழன் அவனுடைய கணுக்கால்களை அழுத்திப் பிடிப்பான். நிற்பவன் உடம்பை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்னே சாய்ந்து, இயன்றவரை தாக்குப்பிடித்துக் கைகளால் தரையைத் தொடுவான். இப்பயிற்சியைத் தவறாது செய்யும் அணிகளிலே பின்தொடைத் தசை கிழிதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது என்று பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகின்றது. பருவத்தின் நடுவே காயப்பட்டு வாங்கில் இருந்து தோழர் ஆடுவதைப் பார்க்கும் மாணவனின் முகத்தைக் கண்ட ஆசிரியர் எவரும் இவ்விருபது நிமிடத்தை வீண் என்று கூறார்.

எடை தூக்கினால் பிள்ளைகள் குள்ளமாகிவிடுவர் என்ற அச்சம் பெற்றோரிடையே இன்றும் உண்டு. தக்க மேற்பார்வையிலே, செம்மையான முறையில், அளவான எடையோடு செய்யும் பயிற்சியால் வளர்ச்சி குன்றும் என்பதற்குச் சான்றில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலிலே, ஐந்து முதல் பதினேழு வயதினர் நாள்தோறும் சராசரி அறுபது நிமிடம் உடலை இயக்குவதோடு, வாரத்தில் மூன்று நாளாயினும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபட வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. வளர்ந்தோர்க்கு வாரம் இரண்டு நாளேனும் தசைப்பயிற்சி வேண்டும். அறுபத்தைந்தைக் கடந்தோர்க்கு இவற்றோடு, விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியும் வாரம் மூன்று நாள் வேண்டும். ஆண், பெண் என்ற வேறுபாடு இதில் இல்லை. தாய்மார் நடக்கின்றார்கள், அது போதும் என்பது நம் ஊர்களில் பரவலான எண்ணம். நடத்தல் இதயத்துக்கு மிக நன்று. ஆனால் நடையினால் மட்டும் நிலத்திலிருந்து எழும் வலிமை வாராது.

இனி, பயிலும் முறையைச் சுருங்கக் கூறுவோம். அன்றாட வாழ்வின் அசைவுகளைப் பெரும்பாலும் ஆறாக வகுக்கலாம். குந்தி எழுதல் முதலாவது. பிள்ளையார் முன்னிலையில் நாம் இடும் தோப்புக்கரணம் அதன் நம்மவர் வடிவம். முழங்கால் நோவுள்ளவர் கதிரையில் அமர்ந்தெழுவதே போதும். இடுப்பை மடக்கிப் பொருளை எடுத்தல் இரண்டாவது. சுமையை உடம்போடு நெருக்கி, முதுகை வளைக்காது, சுமையுடன் இடுப்பை முறுக்காது எடுத்தல் வேண்டும். மூன்றாவது தள்ளுதல், தண்டால் இவ்வினத்தது. இயலாதவர் சுவரிலோ மேசை விளிம்பிலோ கையூன்றித் தொடங்கலாம். நான்காவது இழுத்தல், கிணற்றுக் கயிறும், மரக்கிளையும், இரும்புச் சட்டமும் இதற்கு உதவும். ஐந்தாவது படியேறுதல். ஆறாவது சுமந்து நடத்தல். ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம் ஆதலால், நீர் நிரப்பிய கலனைக் காட்டிலும் எளிய எடைக்கருவி இல்லை. ஐந்து லீற்றரில் தொடங்கினால் ஒவ்வொரு லீற்றராகக் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு அல்லது மூன்று தடவை, வாரத்தில் இருநாள் செய்தால் தொடக்கத்துக்குப் போதும். பன்னிரண்டு முறை எளிதாகும்போது சுமையைச் சிறிது கூட்டுக. மூச்சை அடக்கற்க. இருநாள்களுக்கிடையே ஓய்வு கொடுக்க. தசை வளர்வது அவ்வோய்வில்தான். தசையிலே மறுநாள் தோன்றும் மெல்லிய உளைவு இயல்பு. மூட்டிலே குத்தும் நோ இயல்பன்று. இரத்த அழுத்தம், இதயநோய், நீரிழிவு உள்ளோர் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குவார்களாக. தம் நிலையை அறிய விரும்புவோர் மார்பின் குறுக்கே கைகளைக் கட்டி, முப்பது வினாடியில் எத்தனை முறை கதிரையிலிருந்து எழ முடிகின்றது என்று எண்ணிப் பார்க்கலாம். எழுபது முதல் எழுபத்துநான்கு வயதினருள் ஆடவர் பன்னிரண்டுக்கும் பெண்டிர் பத்துக்கும் குறைந்தால், அவர்கள் விழக்கூடிய அபாயம் மிக்கவராகக் கருதப்படுவர்.

பாடசாலைகளுக்கும் ஒரு சொல். பிழை செய்த மாணவனைத் தோப்புக்கரணம் போடச் செய்வதும், விளையாட்டிடத்தைச் சுற்றி ஓடச் செய்வதும் பல பாடசாலைகளிலும் நெடுநாள் நிலவிய வழக்கம். இறைவன் முன்னிலையில் பணிவாயிருந்ததும், உடம்புக்கு மருந்தாயிருப்பதுமான ஒன்றை நாம் தண்டனையாக்கினால், பாடசாலையை விட்டு நீங்கும் நாளிலே மாணவன் அதையும் விட்டு நீங்குகின்றான். நூலைத் தண்டனையாகக் கொடுத்தால் வாசிப்பை வெறுப்பான். பயிற்சியைத் தண்டனையாகக் கொடுத்தால் தன் உடம்பையே வெறுப்பான். மேலும், ஓட்டத்தில் முதல்வராக வருவோர் சிலரே. ஏனையோர் பார்வையாளராகவே பள்ளி வாழ்வை முடிக்கின்றனர். வலிமைப் பயிற்சியிலோ ஒவ்வொருவனும் தன் நேற்றைய அளவோடு போட்டியிடுகின்றான். கிண்ணம் பெறாத மாணவனும் இதிலே வெற்றி காணலாம்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இவ்விழாக்காலத்திலே கல்லூரிக்குக் கட்டடங்களும் கருவிகளும் உவந்தளிக்கின்றீர்கள். விளையாட்டிடத்தின் ஒரு மூலையிலே தொங்குவதற்கு மூன்று உயரங்களில் இரும்புச் சட்டங்கள், ஏறுவதற்கு ஒரு வடம், வெவ்வேறு எடையுள்ள மணல் மூடைகள், அடிவைத்து நடக்க ஒரு தாழ்ந்த மரக்குற்றி ஆகியவற்றை அமைத்துத் தாருங்கள். செலவு சிறிது. அங்கே காலையில் மாணவரும் மாலையில் அயலிலுள்ள பழைய மாணவரும் பயிலலாம். அறுபது வயதுப் பழைய மாணவர் பதினாறு வயது மாணவனுக்கு அருகே நின்று குந்தி எழுவதைக் காண்பது ஒரு நல்ல பாடமாகும். அப்பாடம் இருவர்க்கும் உரியது.

நம் கோயில்களிலே தேர்த்திருவிழாவன்று வடம் பிடிப்போரை நோக்குமின். ஒருவர் வலிமையால் தேர் அசைவதில்லை. பலருடைய வலிமை ஒரே வேளையில் ஒரு திசையில் கூடும்போது அது நகர்கின்றது. சுவாமி காவுவோர் தோள்மாற்றிக்கொள்ளும்போது, புதிதாகத் தோள்கொடுப்பவன் ஆயத்தமாக நிற்றல் வேண்டும். குடும்பமும் ஊரும் கல்லூரியும் அவ்வாறே தோள்மாறித் தோள்மாறி வருவன. முன்னோர் இதுவரை காவி வந்தனர். அடுத்துத் தோள்கொடுக்க வேண்டியவர் நாம். நமக்குப் பின் நம் மாணவர். அத்தோள்கள் ஆயத்தமாக இருக்கும்படி இன்றே பயிலத் தொடங்குவோமாக. நம் கல்லூரி மாணவர் கற்றோராகவும், கற்றதைச் செய்ய வல்லோராகவும், தளர்ந்தோரைத் தாங்க வல்லோராகவும் நீடு வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகின்றோம்.